கல் நடுவதற்கு முன்னால் வாய்க்காலைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

"கல்லு நட்டுட்டாங்க சார், இனி என்ன பண்றது?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நம் கூட்டங்களில் விதை, பூச்சிவிரட்டி எல்லாம் பேசி முடித்துத் தேநீருக்கு எழுந்தால், யாராவது ஒருவர் மடித்த பட்டா நகலோடு ஓரமாக வந்து நிற்பார். நான் வங்கியில் இருந்தவன், பத்திர விஷயம் தெரியும் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் தெரியும். தெரியாமல் செய்த தவறுகள் அதைவிட அதிகம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: கல் நட்ட பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. கல் நடுவது கடைசி வேலை. அதற்கு முன்பே அந்த நிலத்தின் கோப்பு ஐந்தாறு மேசைகளைச் சுற்றி வந்துவிட்டது. அந்த மேசைகளில் ஏதாவது ஒன்றில் நம்முடைய காகிதம் இருந்திருக்க வேண்டும்.

முப்பத்து நான்கு ஆண்டு வங்கி வேலையில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டுக் கடன் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்போம். வரைபடத்தில் அங்கீகார எண்ணும் முத்திரையும் இருந்தால் போதும். அந்த இடம் முன்னால் என்ன பயிர் நின்ற நிலம், அதன் வழியாக யார் வயலுக்குத் தண்ணீர் போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை. இன்று கடைமடையில் நாலு ஏக்கர் வைத்துக்கொண்டு மடையில் தண்ணீர் வருமா என்று பார்த்து நிற்கும்போது அந்த வரைபடங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன.

யார் அனுமதி தருகிறார்கள்?

பலர் நினைப்பதுபோல ஊராட்சித் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு வயலை மனையாக்க முடியாது. ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு விற்றார்கள். தலைவரின் முத்திரை குத்திய ஒரு தாள், அவ்வளவுதான். அதை நம்பிப் பணம் போட்டவர்கள் லட்சக்கணக்கில். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. வேளாண் நிலத்தை முறையான அனுமதி இல்லாமல் மனையாக மாற்றியிருந்தால் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்கிறது அது. ஏற்கெனவே மனையாகப் பதிவானதை மறுபடி விற்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தேதி வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. அதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது உங்களுக்கே தெரியும்.

இப்போதைய முறை இது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஊர்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. திட்டப் பகுதிக்குள் இருக்கும் ஊர்கள் ஒன்று, வெளியே இருப்பவை இன்னொன்று. உள்ளே இருந்தால் முழுமைத் திட்டம் என்று ஒரு வரைபடம் இருக்கும். குடியிருப்பு, தொழில், வேளாண்மை என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். வேளாண்மை நிறத்தில் இருப்பதைக் குடியிருப்பாக மாற்ற வேண்டுமானால் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அந்தச் சின்ன எழுத்து விளம்பரத்தை நம்மில் யார் படிக்கிறோம்? சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களில் ஏரிப் பாசன ஊர்கள் எத்தனையோ அதற்குள் வந்துவிட்டன. அந்தப் பக்கத்து உழவர்கள் வரைவு வரைபடம் வெளியாகும்போது தங்கள் புல எண் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் திண்டிவனம் – வந்தவாசி சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே. இப்படிப்பட்ட ஊர்களுக்கு அந்தச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், 2017-இல் வந்த நிலப்பயன் மாற்ற விதிகளும் பொருந்தும். வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு இல்லாமல் உள்ளாட்சி தர முடியாது. அந்தத் துறை வேளாண் இணை இயக்குநரிடமிருந்து தடையின்மைச் சான்று கேட்கும். வருவாய்த் துறை, நீர்வளத் துறை என்று மற்ற மேசைகளுக்கும் கோப்பு போகும். எல்லாம் முடிந்தால் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் கிடைக்கும். பிறகு மனை போடுகிறவர் சாலைகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தருவார். ஊராட்சி தீர்மானம் போட்டு இறுதி அனுமதி கொடுக்கும். அதன் பிறகுதான் மஞ்சள் கல்லும் கலர் கொடியும்.

பூங்கா இடம் என்பது சாலை போக மீதிப் பரப்பில் பத்து விழுக்காடு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் இதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது, இடமாகவே தர வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நம் ஊர் ஊராட்சி மன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்தப் பத்து விழுக்காட்டை அளந்து பார்த்து வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தானமாக வாங்கிய சாலைக்குத் தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் எல்லாம் நாளைக்கு ஊராட்சி தலையில்தான். வருகிற கட்டணம் ஒரு தடவை, செலவோ காலம் முழுக்க.

கிராம சபைக்கு இதில் என்ன இடம்? சட்டம் கேட்பது ஊராட்சியின் தீர்மானத்தை, கிராம சபையின் சம்மதத்தை அல்ல. நாம் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராம சபையில் கத்திவிட்டு வந்து வேலை முடிந்தது என்று தூங்கிவிடுவோம். அதற்காகக் கிராம சபை பயனில்லாதது என்று சொல்லவில்லை. அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இன்னொன்று. காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-இல் சட்டம் வந்த பிறகு, அங்கே வயலை மனையாக்க முடியாது என்று சில நண்பர்கள் நம்புகிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற பட்டியலிட்ட திட்டங்களை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை.

புதிதாக நிலம் தேடுகிற நண்பர்களுக்கு

நகரத்திலிருந்து வந்து இயற்கை வேளாண்மை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 22-ஏ வந்த பிறகு மனையாகப் பதிய முடியாத இடங்களில் "பண்ணை நிலம்" என்று பேர் மாற்றி விற்பனை நடக்கிறது. இருபது சென்ட், முப்பது சென்ட் என்று வெட்டி, நாலு மாங்கன்று நட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, "இயற்கைப் பண்ணை" என்று படம் காட்டுவார்கள். பத்திரத்தில் அது வேளாண் நிலமாகத்தான் பதிவாகும். உள்ளே போடுகிற சாலை ஊராட்சிக்குத் தானம் செய்யப்பட்டதல்ல, அது யார் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். கிணற்றில் உங்களுக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா, எத்தனை பேருக்கு எந்த முறையில் தண்ணீர் என்று பாருங்கள். நாளைக்கு அங்கே வீடு கட்ட அனுமதி கேட்டாலோ கடன் கேட்டாலோ சிக்கல் தெரியும். முப்பது சென்ட்டில் இயற்கை வேளாண்மை முடியாது என்று நான் சொல்லமாட்டேன், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழு வயலாக இருந்ததை முப்பது துண்டாக்கி, வரப்பையும் வாய்க்காலையும் அழித்து, பக்கத்து இருபத்தொன்பது துண்டில் களைக்கொல்லி அடித்தால் உங்கள் துண்டு என்ன ஆகும்? அங்ககச் சான்று வேண்டுமானால் ஓராண்டுப் பயிர்களுக்கே இரண்டு ஆண்டு மாற்றுக் காலம். அந்த இரண்டு ஆண்டில் அண்டைத் துண்டு மூன்று கை மாறிவிடும்.

வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஏரியிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் அரசுப் புறம்போக்கு. அது புலப்படத்தில் இருக்கிறது, அ-பதிவேட்டில் இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து ஒவ்வொரு வயலுக்கும் போகிற சின்ன வாய்க்கால் அப்படி இல்லை. அது பட்டா நிலத்துக்குள்ளேயே போகிறது. நம் தாத்தாக்கள் ஒருவருக்கொருவர் வாய் வார்த்தையில் விட்ட வழி. என் வயலுக்கு வரும் வாய்க்கால் எனக்கு மேலே இருக்கிற நாலு பேர் நிலத்தைத் தாண்டித்தான் வருகிறது. யார் முதலில், யார் பின்னால் என்பதை நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். காகிதம் யாரும் கேட்டதில்லை, சண்டை வந்தாலும் ஏரிக்கரையிலேயே முடிந்துவிடும்.

2018-இல் எனக்கு மேலே மூன்றாவது நிலம், மூன்று ஏக்கர் இருபது சென்ட், மனையாகப் போனது. நான் அப்போது பணி ஓய்வு பெற்று வந்து இரண்டு வருடம். தூயமல்லியும் சீரகச் சம்பாவும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். ஜே.சி.பி. வந்து வரப்பைத் தட்டியபோதுதான் ஓடினேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகவே பேசினார். புலப்படத்தை விரித்து வைத்து, "வாய்க்கால் எங்க சார் இருக்கு, காட்டுங்க" என்றார். காட்ட முடியவில்லை. கண்ணால் பார்க்கிற வாய்க்கால், அறுபது வருடமாகத் தண்ணீர் போகிற வாய்க்கால், அந்தத் தாளில் ஒரு கோடாகக்கூட இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் வங்கியில் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

கடைசியில் மனை போட்டவரிடம் கெஞ்சிச் சாலையோரமாக ஒரு அடி விட்டத்தில் சிமெண்ட் குழாய் போடச் செய்தோம். முதல் வருடம் தண்ணீர் வந்தது. இரண்டாம் வருடம் பிளாஸ்டிக் பையும் மண்ணும் அடைத்துக்கொண்டது. குழாய்க்குள் ஆள் இறங்கித் தூர்வார முடியாது. பாசனத்துக்கு வரும் தண்ணீரைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்பட்டோம், மழையில் வடிகிற தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. மேலே இரண்டடி கிராவல் கொட்டி உயர்த்திவிட்டதால் 2021 நவம்பர் மழையில் வழி தெரியாத வெள்ளம் என் வயலிலும் பக்கத்து வயலிலும் பதினோரு நாள் நின்றது. பூட்டை வாங்கிய தூயமல்லி அப்படியே சாய்ந்து அழுகியது. ஐந்து வருடம் தக்கைப்பூண்டும் தொழுவுரமும் போட்டு, கையில் அள்ளினால் உதிர்கிற மாதிரி ஆகியிருந்த மேல்மண்ணில் ஒரு பகுதி வரப்பு உடைந்து போனது. அந்த மனைப்பிரிவில் இன்று வரை மூன்று வீடு. மீதி எல்லாம் வேலிகாத்தான். பன்றி அங்கே இருந்து இரவில் மல்லாட்டைக் கொல்லைக்கு வருகிறது.

என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வயலின் தண்ணீர் எந்தெந்தப் புல எண் வழியாக வருகிறது, எந்த வழியாக வடிகிறது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது. பிறகு அந்தப் புல எண்களின் புலப்பட நகலை எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. வாய்க்கால் அதில் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். இல்லாவிட்டால், பழைய பத்திரங்களை எடுங்கள். வங்கியில் ஆயிரக்கணக்கான மூலப்பத்திரம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையால் எழுதிய அந்தக் காலத்துப் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசியில் மாமூல் வழிநடைப் பாத்தியம், நீர்ப்பாசனப் பாத்தியம் உட்பட என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் எந்தப் பக்கத்து வாய்க்கால் என்றுகூட இருக்கும். கணினியில் அச்சடிக்கிற இந்தக் காலத்துப் பத்திரங்களில் அந்த வரி காணாமல் போய்விட்டது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை செய்து உட்பிரிவு போடும்போதும் அதே கதைதான். பட்டா தனித்தனியாகிவிடும், வாய்க்கால் யாருடையது என்று எவரும் எழுதமாட்டார்கள். இனிமேல் நீங்கள் எழுதுகிற எந்தப் பத்திரமானாலும் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள், செலவு ஒன்றும் இல்லை.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. இருபது ஆண்டு இடையூறு இல்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு ஒரு வாய்க்காலைப் பயன்படுத்தி வந்திருந்தால் அது அடுத்தவர் பட்டாவில் போனாலும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது நீங்கள்தான், அதுவும் உரிமையியல் நீதிமன்றத்தில். வருடக்கணக்கில் இழுக்கும். தடுத்த பிறகு இரண்டு ஆண்டுக்குமேல் சும்மா இருந்துவிட்டால் இந்த வாதம் பலம் இழந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிராம சபை உதவுவது இங்கேதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபை. மனைப்பிரிவை எதிர்த்துத் தீர்மானம் போடச் சொன்னால் ஊர் இரண்டாகும். அதைவிட, "இந்த மதகிலிருந்து இந்தப் புல எண்கள் வழியாக இந்த வயல்களுக்குப் பாசன வாய்க்காலும் வடிகாலும் மாமூலாக உள்ளன" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். யாரையும் குறை சொல்லாத தீர்மானம், எதிர்ப்பு வராது. நாளைக்கு அதன் நகல் உங்கள் கையில் சாட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்திலும் இதை விடாதீர்கள். 2016 கடைசியிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர் கையில் ஊராட்சிகள் இருந்தன, எங்கள் மேல்நிலம் மனையானது அந்த இடைவெளியில்தான்.

தீர்மான நகலோடு, வரைபடம் ஒன்று கையாலாவது வரைந்து, ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனு தயார் செய்யுங்கள். வட்டாட்சியர், நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், வேளாண் இணை இயக்குநர் மூன்று பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏரி நாற்பது ஹெக்டேர் ஆயக்கட்டும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறைக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரு பிரதி. விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குவது இன்னும் நல்லது. தடையின்மைச் சான்றுக்கு யாராவது வயலைப் பார்க்க வரும்போது இந்த மனு கோப்பில் இருக்க வேண்டும். அதுதான் நோக்கம்.

எப்போது அனுப்புவது? சந்தேகம் வந்தவுடன். பக்கத்து நிலம் இரண்டு மூன்று பட்டம் காரணமில்லாமல் தரிசாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள், சாகுபடி இல்லை என்று காட்டுவதற்காக இருக்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். வெளியூர் ஆள் பேரில் கிரய ஒப்பந்தம் ஏறியிருந்தால் பெரும்பாலும் கதை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் எப்படி என்று கேட்பீர்கள். கேரளத்தில் 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு. தலைவர் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர் அமைப்பாளர், கிராம அலுவலர், கூடவே மூன்று உழவர்கள். எந்தெந்த நிலம் நெல்வயல் என்று முன்கூட்டியே ஒரு பதிவேடு தயாரித்து வெளியிட வேண்டும். சொந்த வீடு கட்ட ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரைதான் விதிவிலக்கு. 2018-இல் திருத்தம் வந்து, பதிவேட்டில் ஏறாத நிலங்களைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் நீர்த்துவிட்டது உண்மைதான். ஆனாலும் மனு வருவதற்கு முன்பே பட்டியல், அந்தக் குழுவில் உழவனுக்கு ஒரு நாற்காலி, இந்த இரண்டும் நம்மிடம் இல்லை. நம் இயக்கம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

விற்கிறவர் எதிரி இல்லை

2023-இல் என் நிலத்துக்கு நேர் மேலே இருக்கிற இரண்டு ஏக்கரின் சொந்தக்காரர் மனைக்காரரிடம் ஒப்பந்தம் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். இந்தத் தடவை நாங்கள் தயார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாய்க்காலைப் பதிவு செய்தோம், மனுக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. எனக்கு ஏர் பிடிக்கச் சொல்லித்தந்தவர். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீ மனு போட்டியாமே?"

"ஆமாண்ணே. வாய்க்காலுக்குத்தான் போட்டேன், உங்களுக்கு எதிரா இல்ல."

"உனக்கு மாசா மாசம் பென்ஷன் வருது. என் புள்ள மெட்ராஸ்ல இருக்கான், இந்தக் கொல்லையப் பாக்கமாட்டான். பேத்தி கல்யாணத்துக்கு வாங்குன கடன் அப்படியே நிக்குது. நான் நெல்லு வெச்சு எப்ப அடைக்கிறது, நீயே சொல்லு."

என்னிடம் பதில் இல்லை. அவருடைய கணக்கு எனக்குத் தெரியும், வங்கியில் இருந்தவன் அல்லவா. மனைக்காரர் சொன்ன விலை சென்ட் நாற்பதாயிரம். இரண்டு ஏக்கருக்கு எண்பது லட்சம். எந்த நெல்லும், எந்தப் பாரம்பரிய ரகமும், எந்தச் சந்தையும் அந்தப் பணத்தை அவர் காலத்தில் தராது. ஒரு ஏக்கரில் நாற்பது விழுக்காடு சாலைக்கும் பூங்காவுக்கும் போனாலும் 1,200 சதுர அடியில் இருபது மனைக்கு மேல் தேறும், மனைக்காரருக்கும் நஷ்டமில்லை. நடுவில் நஷ்டப்படுவது கீழே இருக்கிற நாங்கள்தான். விற்காதே என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாய்க்காலை விட்டுவிட்டு விற்றுக்கொள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அப்போது அவர் கேட்டார், "வாய்க்காலுக்கு விடற எடத்துக்கு எவன் காசு குடுப்பான்?"

அந்தக் கேள்விதான் எங்களை வழிக்குக் கொண்டுவந்தது. வாய்க்கால் போகிற நீளம் ஐந்நூறு அடி. கரையோடு சேர்த்து ஆறடி அகலம் போதும். மூவாயிரம் சதுர அடி, கிட்டத்தட்ட ஏழு சென்ட். அவருக்கு வருகிற அதே விலையில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அந்த வாய்க்காலில் பாய்கிற கீழ்நிலம் மொத்தம் பதினான்கு ஏக்கர், ஐந்து குடும்பம். ஏக்கருக்கு இருபதாயிரம் வீதம் போட்டால் சரியாக வந்தது. என் பங்கு எண்பதாயிரம். அரை ஏக்கர் வைத்திருக்கிற ஒரு அம்மா தன் பங்கான பத்தாயிரத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார். ஒருவர், "நம்ம தாத்தா காலத்து வாய்க்காலுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?" என்று கடைசிவரை முறைத்துக்கொண்டுதான் கொடுத்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். வழக்குப் போட்டிருந்தால் ஒருவேளை காசில்லாமலே கிடைத்திருக்கும், எத்தனை வருடம் கழித்து என்பதுதான் கேள்வி.

பெரியவர் அந்த ஏழு சென்ட்டில் எங்கள் ஐந்து குடும்பத்துக்கும் பாசனம், வடிகால் பாத்தியம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம், இப்போது அது வில்லங்கச் சான்றில் ஏறி நிற்கிறது. நிலத்தை யார் வாங்கினாலும், எந்த வங்கி கடன் கொடுத்தாலும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. மனைக்காரர் வரைபடத்தைத் திருத்தி வாய்க்காலைத் திறந்த வாய்க்காலாகவே காட்டிச் சமர்ப்பித்தார், குழாய்க்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர் கடனை அடைத்துவிட்டார். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை எங்கே போடலாம் என்று கேட்க மறுபடி வீட்டுக்கு வந்தார். கிராவல் இன்னும் கொட்டவில்லை. கொட்டும்போது வாய்க்கால் கரைக்கு இந்தப் பக்கம் சரியாமல் கருங்கல் அணை கட்டச் சொல்லி ஊராட்சிக்கு இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற கிராம சபையில் கொடுக்க வேண்டும்.